ஆறாவது இடத்தில் சாரல்

போன வாரம் டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள்: ஓர் ஈனி உலோகத்தை எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? நான் ஏதோ பதில் சொன்னேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்தபோது, சொன்னது பாதிதான் சரி என்று தோன்றியது. மீதிப் பாதியை நேரில் சொல்ல எனக்கு வராது. நடுவில் போன் வரும், மகள் சாப்பிட்டாளா என்ற நினைப்பு வரும், தொடங்கியதை முடிக்காமல் எழுந்துவிடுவேன்.

இந்த மாதத்தோடு நான் ஆய்வகத்தை விட்டுப் போகிறேன். வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஓய்வுபெற்றவர்கள் எழுதுவதுபோல எழுத எனக்கு வயதும் இல்லை, அத்தனை அனுபவமும் இல்லை. ஆனால் நான் போன பிறகு சேர்மங்களை உலர்த்துகிற அந்த ஓவனைத் திறக்கப் போகிறவர்கள் நீங்கள். அதனால் எழுதிவிடுகிறேன். அதிகமாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதி நீங்கள் பள்ளியில் படித்ததுதான். நடுவில் ஓர் உலோக அயனி. தன்னுடைய எலக்ட்ரான் ஜோடியைக் கொடுத்து அதோடு ஒட்டிக்கொள்கிற மூலக்கூறு ஈனி. அம்மோனியா ஓர் இடத்தில் பிடிக்கும், அது ஒருமுனை ஈனி. ஆக்சலேட் இரண்டு இடத்தில் பிடிக்கும், இருமுனை. சில பெரிய ஈனிகள் ஆறு இடத்தையும் ஒரே ஆளாகப் பிடித்து, உலோகத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். தேர்வில் படம் கொடுத்து எத்தனை முனை என்று கேட்டால், பிடிக்கக்கூடிய நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எண்ணி எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் படத்தில் தெரிவது கை. கை இருப்பதாலேயே அது பிடித்திருக்கிறது என்று ஆகாது. டீக்கடையில் நான் சொன்னது இவ்வளவுதான்.

மீதிப் பாதியைச் சொல்ல, நம் ஆய்வகத்தில் 'சாரலை ஓட்டுவது' என்றொரு பழக்கம் இருந்ததைச் சொல்ல வேண்டும்.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் இருக்கிற கட்டடம் இது. ஆனி பிறந்து செங்கோட்டைப் பக்கத்திலிருந்து காற்று உள்ளே நுழைந்துவிட்டால், சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்; நமக்குத் திண்டாட்டம். உப்பு கட்டியாகும். வடிதாள் தொய்யும். தராசில் கடைசி எண் ஓர் இடத்தில் நிற்காது. அதனால் நமக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எந்தச் சேர்மம் செய்தாலும், வடிகட்டிய கையோடு ஓவனில் நல்ல சூட்டில் ஒரு ராத்திரி வைத்துவிடுவது. மறுநாள் எடுத்த பிறகுதான் எந்த அளவும். அதையும் மீறி ஏதாவது அளவில் தண்ணீர் தெரிந்தால், "சாரல்" என்று சொல்லித் தள்ளிவிடுவது. நான் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை சந்தேகப்படுகிற நான், இதை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

என்னோடு ஆய்வு செய்தவள் பேச்சி. வடகரைக்காரி. அப்பாவுக்கு வயலும் கொஞ்சம் தென்னையும். என்னைவிட நான்கைந்து வயது இளையவள், குரல் மட்டும் என்னைவிடப் பெரியது. அவள் செய்த ஈனிக்கு நடுவில் இரண்டு நைட்ரஜன். அவற்றிலிருந்து நான்கு கைகள் நீளும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு நைட்ரஜன். ஆக மொத்தம் ஆறு. நான்கில் ஒரு கையின் நுனியில் மட்டும் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி ஒட்டியிருந்தது. அவள் அதற்கு ஆறுமுகம் என்று பெயர் வைத்திருந்தாள்.

"எக்கா, எங்க ஆறுமுகம் நிக்கலப் புடிச்சா விடவே மாட்டாரு, கேட்டியளா," என்பாள்.

அவளுடைய ஆய்வேட்டின் தலைப்பிலேயே 'அறுமுனை ஈனி' என்று இருந்தது. அவள் எடுத்த அத்தனை அளவுகளும் ஆறு என்றே சொல்லின. ஆய்வேட்டை அச்சடித்து, அட்டை போட்டு, துறை அலமாரியில் அடுக்கியாயிற்று; பல்கலைக்கழகத்தில் இன்னும் கொடுக்கவில்லை. அது சாரல் காலம்; அந்த மாதக் கடைசியோடு அவளுடைய பதிவு முடிகிறது. நீட்டிப்பு எல்லாம் வாங்கித் தீர்ந்துவிட்டது. தேதி தாண்டினால் இத்தனை வருட உழைப்பும் போய், மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும். பட்டம் வந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு கல்லூரி சொல்லியிருந்தது. அதுவும் போய்விடும்.

ஒரே ஒரு வேலை பாக்கியிருந்தது. படிகத்தின் எக்ஸ்-ரே. அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று நேரடியாகக் காட்டிவிடும் அளவு அது. நம்மிடம் அந்தக் கருவி கிடையாது, வெளியூருக்கு அனுப்பியிருந்தோம். கடைசி இயலில் விட்டிருந்த வெற்றுப் பக்கத்தில் ஓர் அழகான படம் ஒட்டலாம் என்று அனுப்பியதுதான். பதில் மின்னஞ்சலில் வந்தபோது நானும் அவளும் மட்டும் துறைக் கணினியின் முன்னால் இருந்தோம்.

திரையில் மூலக்கூறு மெல்லச் சுழன்றது. நான் அப்படியொன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் இது நம் ஜன்னலோரம், நம் சோதனைக்குழாயில் வளர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் செய்து, அது இருக்கிறது என்று நம்பிக்கொண்டே வருடங்களைக் கழித்தவர்கள் நாங்கள். அது உண்மையிலேயே இருந்தது. நடுவில் நிக்கல். சுற்றிலும் கைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சி விரலை வைத்து எண்ணினாள். நிறுத்தி, மறுபடி எண்ணினாள்.

"எக்கா. இது என்ன, அஞ்சுதான் புடிச்சிருக்கு?"

மெத்தில் ஒட்டிய அந்தக் கை மட்டும் நிக்கலிடமிருந்து விலகி, வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அது இருந்திருக்க வேண்டிய ஆறாவது இடத்தில் ஓர் ஆக்சிஜன். கூடவே இரண்டு ஹைட்ரஜன். தண்ணீர்.

"எவனோ குழாயை மாத்தி வச்சிட்டான்," என்றாள். உடனே போன் போட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாக, மாறவில்லை என்றார். "நல்லாப் பாத்தியளா சார்? எங்களுது ஆறு சார்!" என்று போனில் கத்தினாள். அவர் என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். "ஆறுமுகம் கையை விட்டுட்டாரு," என்றாள். சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

எங்கள் வழிகாட்டியிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தண்ணியா? சாரலும்மா அது."

"சார், உலோகத்துமேலயே கட்டியிருக்கு சார்," என்றாள் பேச்சி.

"படிகம் ஜன்னல்லதானே வளந்துது? சாரல் குடிச்சிருக்கும். ஏம்மா, உன் அளவெல்லாம் ஆறுன்னு சொல்லுதுல்லா? அதுல ஏதாவது பொய்யா?"

"இல்ல சார்."

"பொறவு என்ன? இந்தப் படத்தை விட்டுரு. இருக்கிறதைக் கொடு. பட்டம் வாங்கிட்டு இதைத் தனியா ஒரு கட்டுரையாப் பாப்போம்."

அவர் அவளை ஏமாற்றச் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஏதோ உறுத்தியது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் மகளுக்கு உடம்பு சுடுவதுபோல இருந்தது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்ததால் ஸ்வெட்டர், அதன் மேல் கம்பளி, தலைக்குக் குல்லா என்று சுற்றி வைத்திருந்தேன். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன். ஜுரம் காட்டியது. வீட்டுக்காரர் புளியறை செக்போஸ்ட்டில் பணியில் இருந்தார். போன் போட்டேன். லாரிகளின் ஹாரனுக்கு நடுவில் கேட்டார்:

"பிள்ளை என்ன செய்யுதா?"

"விளையாடுதா. ஆனா ஜுரம் காட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போவட்டா?"

"எத்தனை துணி சுத்தியிருக்க?"

நான் சொன்னேன்.

"ஏட்டி, அவ்வளத்தையும் சுத்திட்டு அளந்தா கல்லுக்கும் ஜுரம்தான் காட்டும். எல்லாத்தையும் கழட்டிப் போடு. கொஞ்சம் பொறுத்து மறுபடி வச்சுப் பாரு."

கழற்றினேன். பொறுத்தேன். வைத்தேன். ஜுரம் இல்லை. நம்பாமல் மறுபடி வைத்தேன். இல்லை. மகள் தெர்மாமீட்டரைப் பிடுங்கித் தரையில் தட்ட ஆரம்பித்தாள்.

தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. அளப்பதற்கு முன்னால் நான் செய்ததைத்தான் அது எனக்குத் திருப்பிச் சொன்னது. அந்த நினைப்பு வந்ததும், கையில் கம்பளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அளப்பதற்கு முன்னால் நாங்கள் ஆறுமுகத்தை என்ன செய்கிறோம்? ஓவனில் வைக்கிறோம். எல்லாவற்றையும் வைக்கிறோம். ஓவனுக்குப் போகாதது ஒன்றே ஒன்றுதான். படிகம். சூட்டில் வைத்தால் நொறுங்கிவிடும் என்று அதை மட்டும் வைக்கவில்லை. நாங்கள் அளந்த எதிலும் தண்ணீர் இல்லை. ஒருவேளை அதைத் துரத்தியதே நாங்கள்தானோ?

மறுநாள் காலையில் பேச்சியைப் பிடித்து இதைச் சொன்னேன். சொல்லும்போதே, இது தவறாக இருந்தால் அவளுடைய கடைசி நாட்களை வீணாக்குகிறேனே என்று பயம். சரியாக இருந்தால் இன்னும் பெரிய பயம்.

"ஏட்டி பேச்சி, ஓவனுக்குப் போவாத பொடி ஏதாவது இருக்கா?"

"போன வாரம் செஞ்சது வடிதாள்லயே இருக்கு. ஓவன்ல இடமில்லன்னு அங்கன வச்சிட்டேன். ஆனா அது நல்லால்லக்கா, நீலமா இருக்கு. நம்ம சேர்மம் ரோஸ்லா?"

"ஓவனுக்குப் போவதுக்கு முன்னாடி எப்பவுமே அது நீலமாத்தான் இருக்குமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஆமா. சாரல் போனாத்தான் நெறம் வரும்னு..." பாதியில் விட்டுவிட்டு வடிதாளை எடுக்க ஓடினாள்.

செய்தது எளிமையான வேலைதான். நீலப் பொடியை, ஈரமுறிஞ்சும் மணிகள் போட்டு இறுக மூடிவைக்கும் கண்ணாடிப் பாத்திரமான டெசிகேட்டரில் வைத்தோம். சும்மா ஒட்டியிருக்கிற ஈரம் அதிலேயே போய்விடும். எடை லேசாகக் குறைந்து நின்றது. நிறம் மாறவில்லை. பிறகு ஓவனில் வைத்தோம். எடை மறுபடி இறங்கியது. கணக்குப் போட்டால் ஒரு நிக்கலுக்கு ஒரு தண்ணீர். வெளியே எடுத்தபோது பொடி ரோஸாக இருந்தது. ஓவனிலிருந்து வந்ததில் எடுத்த எல்லா அளவுகளும் ஏற்கெனவே ஆறு என்று சொல்லியிருந்தன. அப்படியானால் படிகம் சொன்ன ஐந்தும் சரி, பொடி சொன்ன ஆறும் சரி. தண்ணீர் போனதும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கை உள்ளே வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

"அப்ப தண்ணி திரும்ப வந்தா?" என்றாள் பேச்சி.

ரோஸ் பொடியை ஒரு வடிதாளில் மெல்லியதாகத் தேய்த்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். வெளியே சாரல். மழை என்று சொல்ல முடியாத, தூசி மாதிரியான துளி. நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாளின் ஓரத்தில், காற்று படுகிற பக்கத்தில், ரோஸ் மங்கியது. நீலம் ஒரு கோடாக உள்ளே நகர ஆரம்பித்தது.

உங்களுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கோடு நகர்ந்த இடத்தில், எண்ணிச் சொல்ல முடியாத அத்தனை மூலக்கூறுகளும் ஒவ்வொன்றாக ஒரு கையை விட்டுவிட்டு, குற்றாலத்துக் காற்றிலிருந்து ஒரு தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு வருடமாக இந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம்! பேச்சி என் கையைப் பிடித்திருந்தாள்.

"எக்கா," என்றாள் மெதுவாக. "இதைப் பாத்த பொறவு எப்படிக்கா விட்டுட்டுக் கொடுக்கது?"

நான் கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால், ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று தோன்றும். முடிவை அவளே எடுத்தாள். வடிதாளைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டியின் அறைக்குப் போனாள். அவள் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "இன்னொரு தடவை செய்யி," என்றார். ஓவனில் வைத்து எடுத்து ஜன்னலில் வைத்தபோது அவரும் வந்து நின்றார். நீலக் கோடு தாளைக் கடக்கும் வரை குனிந்து பார்த்தார். கடந்ததும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"தலைப்பை இனி மாத்த முடியாது. பதிஞ்சாச்சு. கடைசி இயலை மாத்தலாம். எழுத முடியுமா உன்னால?"

"முடியும் சார்."

"முடியலன்னா எல்லாம் போயிரும். தெரியும்லா?"

"தெரியும் சார்."

அந்த வாரம் நான் என் மகளைத் துறை அலுவலகத்துக்கே தூக்கி வந்தேன். பேச்சி எழுத எழுத நான் திருத்தினேன். மகள் பழைய தாள்களைக் கிழித்தாள். பழைய ஆய்வேட்டின் தாள்கள்தான். பேச்சியே அவளிடம் எடுத்துக் கொடுத்தாள்: "கிழி தாயி. நல்லாக் கிழி." கடைசி நாளில் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. முகப்பில் அறுமுனை என்று தலைப்பு. உள்ளே கடைசி இயல் முழுக்க, அது எப்போது ஐந்து, எப்போது ஆறு என்று.

வாய்மொழித் தேர்வு பங்குனியில் வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அட்டையையும் கடைசி இயலையும் மாறி மாறிப் புரட்டினார்.

"தலைப்பு ஆறு என்கிறது. முடிவு ஐந்து என்கிறது. நான் எதை நம்புவது?"

"சார், ஐந்தருவியை இப்பப் போய் எண்ணுனா அஞ்சு இருக்காது. ஆனியில வந்து எண்ணுங்க. ரெண்டும் சரியான எண்ணிக்கைதான் சார். எப்ப எண்ணுனோம்னு சேர்த்துச் சொல்லணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. "அருவியை விடம்மா. நிறம் மாறுவதை என் கண் முன்னால் காட்ட முடியுமா?" என்றார்.

முடியும் என்று சொல்லிவிட்டாள். டெசிகேட்டரிலிருந்து ரோஸ் வடிதாளை எடுத்து ஜன்னலில் வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்குனி. சாரல் இல்லை. ஜன்னல் வழியாக வந்தது அனல் காற்று. தாள் ரோஸாகவே இருந்தது. காத்திருந்தோம். ரோஸாகவே இருந்தது. வழிகாட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்தால் பொடி கரைந்து ஓடிவிடும். அது எதையும் நிரூபிக்காது. ஜன்னலில் வைத்துக் காட்டு என்று முந்தின நாள் அவளிடம் சொன்னது நான்தான். பின்வரிசையில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வாளர் பொறுமையிழந்து கண்ணாடியைக் கழற்றினார். அதன் மேல் 'ஹா' என்று ஒருமுறை ஊதி, வேட்டி நுனியால் துடைத்தார். பேச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.

"சார், கண்ணாடியில ஊதுன மாதிரி இதுலயும் ஒரு தடவை ஊதுங்க. மூச்சை உள்ளே மட்டும் இழுத்துராதிய."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு முகத்தைப் பின்னால் திருப்பி மூச்சை இழுத்து, முன்னால் குனிந்து, தாளின் நடுவில் மெதுவாக விட்டார்.

மூச்சு பட்ட இடத்தில் ஒரு வட்டம் நீலமானது.

அவர் அதைப் பார்த்தார். தாளை லேசாகத் திருப்பி, ரோஸாக இருந்த இன்னோர் இடத்தில் மறுபடி ஊதினார். இன்னொரு வட்டம். மூன்றாவது முறை ஊதியபோது அவர் முகம், என் மகள் சோப்புக் குமிழி ஊதும்போது இருப்பதுபோல இருந்தது. பேச்சி அழுதுகொண்டிருந்தாள், தாளை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டு.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. அந்தக் கல்லூரியில்தான் இப்போது பாடம் நடத்துகிறாள்.

அந்த வடிதாளை மறுபடி ஓவனில் வைத்து ரோஸாக்கி, டெசிகேட்டரின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். சாவியோடு அதையும் உங்களிடம் விட்டுப் போகிறேன். ஓவனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; பல சேர்மங்களுக்கு அது வேண்டும். நான் சொல்வதிலும் ஏதாவது விட்டுப் போயிருக்கலாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எத்தனை என்று எழுதுவதற்கு முன், அளப்பதற்கு முன்னால் அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இன்று காலை வரும்போது மலை தெரியவில்லை. இந்த வருடத்துச் சாரல் இறங்கிவிட்டது. ஓவனைத் திறப்பதற்கு முன்னால், ஒருமுறை ஜன்னலைத் திறந்து அந்தத் தாளை வெளியே வைத்துப் பாருங்கள்.